பிள்ளையின் பட்டமும் லயத்தின் கடனும்

உயர்தரப் பெறுபேறுகள் வந்த நாளிலிருந்து நம் தொலைபேசிகளுக்கு ஓய்வில்லை. பிரட்டு முடிந்து மலைக்கு ஏறும் வழியிலிருந்து பேசுகிறார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தும் பேசுகிறார்கள். பெரும்பாலும் தாய்மார். சென்ற வாரம் ஒரு தாய் கேட்டார்: "சேர், பிள்ளை பயோவில மூணு பாடமும் பாஸ். கொழும்பில ஒரு கெம்பஸ்ல சேரச் சொல்றாங்க. எவ்வளவு கடன் வாங்கினா எங்களால தாங்கும்?"

இது நல்ல கேள்வி. கடன் வாங்கிய பிறகு கேட்காமல், வாங்கும் முன்பே கேட்கிறாரே, அந்தத் தாயைப் பாராட்ட வேண்டும். ஆனால் இதற்குப் பதில் சொல்ல நம்மில் பலர் தயாராக இல்லை. "எப்படியாவது படிக்க வையுங்கள், கல்வி ஒன்றுதான் நம் மக்களின் சொத்து" என்று மேடைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். மேடையில் சொல்வது சுலபம். மாதத் தவணை கட்டப் போவது மேடையில் நின்றவர் அல்ல. ஆகவே இந்த இதழில் மேடைப் பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு, துண்டுக் கணக்குப் பார்ப்பது போல இந்தக் கணக்கையும் பார்ப்போம்.

நாம் செய்த ஒரு பிழை

முதலில் நம் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் ஒரு பெண் பிள்ளை உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தாள். ஒரு சீ, இரண்டு எஸ். அந்த டிவிஷனிலிருந்து உயிரியல் பிரிவில் தேறிய முதல் பிள்ளை. கோயிலில் மாலை போட்டார்கள். நாமும் போய்ப் பேசினோம். இசட் புள்ளி அரச பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. அப்போது ஒரு தனியார் நிறுவனத்தின் துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தது. பட்டத்தின் பெயரில் 'மருத்துவம்' என்ற சொல் இருந்தது. நாம் அதைப் படித்துவிட்டு, "சேருங்கள், நாளைக்கு ஆஸ்பத்திரியில் வேலை" என்று சொன்னோம். அப்படிச் சொன்னது நாம்தான்.

தாய் காதிலும் கழுத்திலும் இருந்ததை அடகு வைத்தார். மகளிர் குழுவில் வாராந்தத் தவணைக்குக் கடன் எடுத்தார். அதுவும் போதாமல் டவுனில் வட்டிக்கு வாங்கினார். மூன்றாம் ஆண்டில்தான் பிள்ளைக்கு உண்மை தெரிந்தது. அரச வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்ய இலங்கை மருத்துவச் சபையின் பதிவு வேண்டும். பட்டத்தின் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தப் பதிவுக்கு ஏற்ற படிப்பாக அது இல்லாவிட்டால் கதவு திறக்காது. அவள் படித்தது அந்தப் பதிவுக்கு உரியதல்ல. பட்டத்தை முடித்தாள். இன்று ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். தாய் ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்.

அந்தத் தாய் இன்றுவரை நம்மை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வழியில் கண்டால், கூடையை இறக்காமலே "வணக்கம் சேர்" என்கிறார். நமக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வணக்கம்தான்.

வீட்டில் வருவது எவ்வளவு?

கணக்கை வீட்டிலிருந்து தொடங்குவோம். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 25 நாட்கள் முழுப்பேர் விழுந்தால் 33,750 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதம், அதாவது 2,700 போனால், 31,050. ஆனால் 25 பேர் எந்தத் தோட்டத்தில் விழுகிறது? மழை, வறட்சி, கொழுந்தில்லாத மாதம், கிலோ குறைந்தால் அரைப்பேர். மாதம் 18 பேர் என்றால் 24,300. நிதிக்குப் போனால் 22,356. இதற்கு மேல் தீபாவளி முற்பணம், கோயில், சந்தா என்று கழிவுகள் இருக்கின்றன. சம்பளச் சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு நாம் இதை விளக்கத் தேவையில்லை.

இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கணக்கைப் பாருங்கள்.

கடன் எப்போது தொடங்குகிறது?

பட்டத்துக்கான கடன் பல்கலைக்கழக வாசலில்தான் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது தரம் 12 இல் தொடங்குகிறது. தமிழ் மொழியில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் உயர்தரத்தில் கற்பிக்கும் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் குறைவு. இருக்கும் பாடசாலையிலும் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இருந்தால் பௌதிகவியலுக்கு இல்லை. ஆகவே சனி, ஞாயிறு அட்டனுக்கோ பண்டாரவளைக்கோ கண்டிக்கோ டியூசனுக்குப் போக வேண்டும். வகுப்புக் காசு, பஸ் காசு, மதியச் சாப்பாடு. இரண்டு ஆண்டு. இரண்டாம் முறை எழுதினால் மூன்று ஆண்டு. பரீட்சை முடியும்போதே பல வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போய்விட்டது.

ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இந்தச் செலவு பெற்றோரின் விருப்பம் அல்ல. அரசாங்கம் போட வேண்டிய ஆசிரியரின் சம்பளத்தை ஒரு கொழுந்து எடுக்கும் பெண் தன் கையிலிருந்து கொடுக்கிறார் என்பதே இதன் அர்த்தம். இதை நாம் சரியாகப் பெயர் சொல்லிப் பேசியதில்லை.

இலவசமும் அதன் செலவும்

1945 இல் கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில் அரசு பொறுப்பேற்ற பிறகே நம் பிள்ளைகள் அந்த வாசலுக்குள் காலடி வைத்தார்கள். இன்று அரச பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமாணிப் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. இது பெரிய உரிமை. பல நாடுகளில் பிள்ளைகள் பட்டத்தோடு சேர்த்துக் கடன் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். நமக்கு அந்த நிலை இல்லை.

ஆனால் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. விடுதி கிடைத்தாலும் சாப்பாடு, போக்குவரத்து, ஆய்வுகூட உடை, புத்தகப் பிரதி, இணைய டேட்டா. மாதம் 20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 1981 இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் 2025 இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது மாதம் தவறாமல் வந்தால், வீட்டிலிருந்து போக வேண்டியது 12,500. நான்கு ஆண்டுக்கு, அதாவது 48 மாதங்களுக்கு, 6 இலட்சம் ரூபா. விடுதி கிடைக்காமல் வெளியே போர்டிங் எடுத்தால் இன்னும் கூடும்.

ஆக, இலவசப் பட்டத்துக்கும் ஒரு தோட்டக் குடும்பம் ஆறு இலட்சம் தேட வேண்டும். இந்த ஆறு இலட்சத்தை எங்கே தேடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரே பட்டம், ஒரே தொகை, வேறு வேறு கடன்

இப்போது கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் பார்ப்போம். பிள்ளை உயிரியல் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று ஆசிரியராகவோ வேறு அரச உத்தியோகத்திலோ சேர்ந்து, கையில் மாதம் 55,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தன் செலவு போக வீட்டுக்கு 30,000 கொடுக்க முடிகிறது. மேலே சொன்ன ஆறு இலட்சம் கடனாக நிற்கிறது.

அந்தக் கடன் வட்டியில்லாதது என்றால், மாதம் 10,000 கட்டினால் ஐந்து ஆண்டில் முடிந்துவிடும். மீதி 20,000 வீட்டுக்கு.

அது வங்கிக் கடன், ஆண்டுக்கு 15 வீத வட்டி, ஐந்து ஆண்டுத் தவணை என்றால், மாதம் ஏறக்குறைய 14,300 கட்ட வேண்டும். கஷ்டம்தான். ஆனால் ஐந்து ஆண்டில் அதுவும் முடிந்துவிடும். மொத்தம் 8 இலட்சத்து 56 ஆயிரம் அளவில் கட்டியிருப்போம்.

அது டவுனில் நூற்றுக்கு ஐந்து மாத வட்டிக்கு வாங்கியது என்றால், மாத வட்டி மட்டும் 30,000. அதாவது பிள்ளை வீட்டுக்குத் தரக்கூடிய முழுத் தொகையும் வட்டிக்கே போகும். அசல் ஆறு இலட்சம் அப்படியே நிற்கும். பத்து ஆண்டு கட்டினாலும் நிற்கும்.

இதை இரண்டு முறை படித்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே பிள்ளை, ஒரே பட்டம், ஒரே சம்பளம், ஒரே ஆறு இலட்சம். ஒரு வீடு ஐந்து ஆண்டில் எழுந்து நிற்கிறது. இன்னொரு வீடு பத்து ஆண்டு கழித்தும் எழும்பவில்லை. "உயிரியல் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறதா?" என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இதுதான்: பட்டத்தின் மதிப்பு பாதிக் கணக்கு. கடனின் வட்டி மீதிப் பாதி.

சரி, வங்கிக்கே போகலாமே என்பீர்கள். வங்கி நிரந்தர வருமானமுள்ள பிணைக்காரரைக் கேட்கும். இல்லாவிட்டால் காணி உறுதியைக் கேட்கும். லயத்துக்கு உறுதி உண்டா? நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இந்த மலையில் இருந்தும், அடமானம் வைக்க ஓர் அங்குல நிலம் நம் பெயரில் இல்லாத குடும்பங்களே அதிகம். அதனால்தான் நம் ஆட்கள் வங்கியைத் தாண்டி டவுன் வட்டிக்காரரிடம் போகிறார்கள். புத்தியில்லாமல் போகவில்லை. காணி உரிமைக்கான போராட்டமும் பிள்ளையின் பட்டமும் வேறு வேறு விஷயங்கள் அல்ல என்று நாம் சொல்வதற்கு இதுவே காரணம்.

தனியார் பட்டத்தின் கணக்கு

அரச பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாத பிள்ளையின் நிலை இன்னும் கடினம். வீட்டுச் செலவோடு படிப்புக் கட்டணமும் சேர்கிறது. கட்டணத்துக்காக மட்டும் 10 இலட்சம் வங்கியில் வாங்கினால், அதே 15 வீதம், ஐந்து ஆண்டுக்கு, மாதத் தவணை ஏறக்குறைய 23,800. 1350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் 18 பேர் விழும் தாய்க்கு நிதிக் கழிவு போக மிஞ்சும் சம்பளத்தை விட இது அதிகம். அதுவும் வங்கிகள் பல கடனை எடுத்த அடுத்த மாதமே தவணை கேட்கும். பிள்ளை உழைக்கும் வரை காத்திருக்காது.

இதற்காகத்தான் உயர்கல்வி அமைச்சு 2017 இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தைத் தொடங்கியது. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாதவர்கள், அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு இதில் விண்ணப்பிக்கலாம். வட்டியை அரசு ஏற்கும். படிக்கும் காலத்தில் அசலைக் கட்டத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் தொகையும் நிபந்தனையும் மாறக்கூடும். ஆகவே அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: வட்டி இல்லாவிட்டாலும் அது கடன்தான். வேலை கிடைக்காவிட்டாலும் தவணை வரும்.

"படிச்சு என்னத்தக் கண்டான்?"

மறுபக்கமும் பேச வேண்டும். லயத்துத் திண்ணையில் இன்னொரு குரல் இருக்கிறது. "படிச்சு என்னத்தக் கண்டான்? கொழும்புக் கடைக்கு அனுப்பினா மாசம் காசு வருதில்ல." இதைச் சொல்பவரை நாம் பழிக்கக்கூடாது. அவர் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது.

உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகம் கிடைத்து, பட்டம் முடிய ஐந்தரை ஆண்டு என்று எடுப்போம். 66 மாதம். அதே காலத்தில் கடைக்குப் போன பிள்ளை மாதம் 20,000 வீட்டுக்கு அனுப்பினால் 13 இலட்சத்து 20 ஆயிரம். படித்த பிள்ளைக்கு வீடு செலவழித்தது 6 இலட்சம். இரண்டையும் சேர்த்தால், பட்டம் வாங்கும் நாளில் படித்த வீடு 19 இலட்சத்து 20 ஆயிரம் பின்னால் நிற்கிறது. அதன்பின் படித்த பிள்ளை மாதம் 10,000 கூடுதலாகக் கொடுத்தால், அந்த இடைவெளியை நிரப்ப 16 ஆண்டு ஆகும். வட்டி சேர்க்காமலே 16 ஆண்டு.

இதை மறைத்துப் பேசினால் நாம் நேர்மையானவர்கள் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு இங்கே முடிவதும் இல்லை. கடைக்குப் போன பிள்ளைக்குச் சேமலாப நிதி கட்டுகிறார்களா? நாற்பத்தைந்து வயதில் முதுகு வலிக்கிறது என்றால் முதலாளி வைத்துக்கொள்வாரா? கொரோனாக் காலத்தில் கடைகள் பூட்டியபோது வெறுங்கையோடு தோட்டத்துக்குத் திரும்பிய பிள்ளைகளை நாம் பார்த்தோம். உத்தியோகத்தில் இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு சம்பள உயர்ச்சி உண்டு. மகப்பேற்று விடுமுறை உண்டு. 60 வயது வரை வேலை உண்டு. அதற்கும் மேல் ஒன்று உண்டு. ஒரு தோட்டத்தில் ஒரு விஞ்ஞான ஆசிரியர் உருவானால், அடுத்த பத்துப் பிள்ளைகளின் டியூசன் காசு மிஞ்சும். அந்தப் பணம் எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது. ஆனால் அது நம் வரவுதான்.

ஆகவே நம் முடிவு இது. கையைக் கடிக்காத கடனோடு வரும் பட்டம், மெதுவாக வந்தாலும், வீட்டைத் தூக்கும். மாத வட்டிக் கடனோடு வரும் பட்டம் வீட்டைத் தூக்காது.

உத்தியோகம் கிடைக்குமா?

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பட்டம் முடித்த மறுநாள் அரச வேலை கிடைத்த காலம் போய்விட்டது. 2020 இல் ஐம்பதாயிரம் அளவிலான வேலையற்ற பட்டதாரிகளை அரசு பயிலுநர்களாகச் சேர்த்தபோது மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. நம் தோட்டப் பாடசாலைகளுக்கு அதற்கும் முன்பே ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது கொடுத்தது 6,000 ரூபா. பிறகு 10,000. அந்தக் காசில் குடும்பம் நடத்திக்கொண்டு பயிற்சியும் முடித்தவர்கள் இன்று நம்மிடையே ஆசிரியர்களாக இருக்கிறார்கள். 55,000 என்ற கணக்கு முதல் மாதத்திலிருந்தே ஓடத் தொடங்கும் என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள். பட்டத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் இடையில் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு வெறுமையாகப் போகலாம். அந்த மாதங்களுக்கும் தவணை உண்டு.

ஆங்கிலம் பற்றியும் ஒரு வார்த்தை. விஞ்ஞானப் பட்டம் ஆங்கில மொழியில்தான் நடக்கிறது. தமிழில் படித்துப் போகும் நம் பிள்ளை முதலாண்டில் தடுமாறி ஒரு பாடம் விட்டுவிட்டால், திரும்ப எழுத வேண்டும். காலம் நீண்டால் செலவும் நீளும். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை உள்ள மாதங்களில் ஆங்கிலம் படிப்பது மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய முதலீடு.

கடன் குறைந்த வழிகள்

உயிரியல் படித்தால் டாக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்ற நினைப்பை விடுவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை முழுதாகப் படியுங்கள். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளவை. கொழும்பில் கிடைக்காத புள்ளிக்கு இங்கே கிடைக்கலாம். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் தாதியம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் போன்ற பட்டங்கள் உள்ளன. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் உண்டு. விவசாயம், உணவு விஞ்ஞானம் உண்டு. பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டமாகவே படிக்கலாம். கொழுந்து கிள்ளிய கையின் பிள்ளை தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் அறிவைப் பெறுவதை விட நமக்கு வேறென்ன பொருத்தமான படிப்பு? விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை அவசரமாக நிரப்பி, கிடைக்கக்கூடிய துறையைத் தவறவிட்ட பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. இரண்டு ஆண்டு தங்கிப் படிப்பு, ஓர் ஆண்டு பாடசாலைப் பயிற்சி, பிறகு ஆசிரியர் நியமனம். அரச தாதியர் பயிற்சி மூன்று ஆண்டு. அங்கே கட்டணம் வாங்குவதில்லை, கொடுப்பனவு தருகிறார்கள். வேலையில் சேர்ந்த பின் திறந்த பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் படிக்கலாம். முதலில் சம்பளம், பிறகு பட்டம். இந்த வரிசையில் போனவர்கள் வட்டிக்காரர் வீட்டுப் படி ஏறியதில்லை.

தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவியையும் தவறவிடாதீர்கள். இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக நடத்தப்படும் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் உயர்தர, பல்கலைக்கழக மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்குகிறது. விளம்பரம் வரும்போது தோட்டப் பதிவுச் சான்று, சம்பளச் சீட்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம் மூன்றும் கையில் இருந்தால் கடைசி நாளில் ஓட வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

தனியார் நிறுவனத்தில் சேர்க்கும் எந்தப் பெற்றோரும் காசு கட்டும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

ஒன்று, இந்தப் பட்டத்தைத் தருவது யார்? உள்நாட்டு நிறுவனம் என்றால் 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அங்கீகாரம் உண்டா?

இரண்டு, இந்தப் பட்டத்தை வைத்துச் செய்யப் போகும் வேலைக்கு வேறு பதிவு தேவையா? அந்தப் பதிவை இது தருமா? நிறுவனத்திடம் மட்டும் கேட்காமல் பதிவு செய்யும் சபையிடமே கேளுங்கள். நாம் கேட்கத் தவறியது இதைத்தான்.

மூன்று, கட்டணம் மொத்தம் எவ்வளவு? பரீட்சைக் கட்டணம், பதிவுக் கட்டணம், வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டியது எல்லாம் சேர்த்து எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள்.

நான்கு, பிள்ளை இடையில் நின்றால் கட்டிய காசு என்னாகும்?

ஐந்து, கடந்த ஆண்டு இதே பட்டத்தை முடித்த ஒருவரோடு பேச முடியுமா? பேச விட மறுத்தால் அதுவே பதில்.

வீட்டுக்கும் ஒரு விதி சொல்கிறோம். மாத வட்டிக்கு வாங்கிப் பட்டம் படிக்க வைக்க வேண்டாம். அந்தக் காசுதான் ஒரே வழி என்றால், ஓர் ஆண்டு பொறுங்கள். வேறு வாசலைத் தட்டுங்கள். ஓர் ஆண்டு தாமதித்த பட்டத்தால் எந்தக் குடும்பமும் அழிந்ததில்லை.

சங்கம் செய்ய வேண்டியது

இவ்வளவையும் பெற்றோரின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. சங்கத்துக்கும் வேலை இருக்கிறது.

பெறுபேறு வந்த வாரமே ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் ஒரு நாள் வைத்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும் ஆசிரியர்களை உட்கார வைக்க வேண்டும். நம்மில் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டால் தருவார்கள்.

சந்தாப் பணத்திலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு வட்டியில்லாச் சுழல் நிதி ஒன்றைத் தொடங்க வேண்டும். மஹாபொல தாமதமாகும் மாதங்களில் 10,000 ரூபா கைமாற்றாகக் கிடைத்தாலே ஒரு தாய் வட்டிக்காரரிடம் போவதைத் தடுக்கலாம். வேலை கிடைத்த பிள்ளை திருப்பிக் கட்டும். அந்தக் காசு அடுத்த பிள்ளைக்குப் போகும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தோட்டப் பகுதிப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் மூன்று பாடத்துக்கும் ஆசிரியர். கல்விக் கடனுக்குத் தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சீட்டையும் சேமலாப நிதிக் கணக்கையும் தகுதியான ஆவணமாக ஏற்கும் விதி. காணிக்கு உறுதி. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கல்வி என்ற சொல் ஒரு முறையாவது வர வேண்டும். நாட்சம்பளத்தில் 100 ரூபா கூடினால், 25 பேருக்கு மாதம் 2,500. ஒரு பிள்ளையின் மாதச் செலவுக்கு வீட்டிலிருந்து போக வேண்டிய 12,500 இல் ஐந்தில் ஒரு பங்கு அது. சம்பளப் போராட்டமே கல்விப் போராட்டம் என்பது வெறும் கோஷம் அல்ல, கணக்கு.

சென்ற வாரம் பேசிய தாய்க்கு நாம் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. பிள்ளையின் இசட் புள்ளியை வாங்கியிருக்கிறோம். கையேட்டை வைத்துக்கொண்டு ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். இந்த முறை துண்டுப்பிரசுரம் கொண்டு போகவில்லை. கொப்பியும் பேனையும் கொண்டு போகிறோம்.